அத்தானின் இருக்கையில் இருந்தவர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒக்டோபர் மாதப் பள்ளி விடுமுறையில் நடந்தது இது. சொந்தக்காரப் பெண் ஒருத்தியின் கல்யாணத்துக்காக நாங்கள் குடியிருக்கும் இல்ஃபோர்டிலிருந்து ஒரு சிறு படையாக லாஸ் வேகஸ் போயிருந்தோம். கல்யாணம் முடிந்த மறுநாள், பாலைவனத்துக்கு நடுவே இருக்கும் அந்தப் பெரும் பள்ளத்தாக்கைப் பார்க்க, நானும் அத்தானும் விடியற்காலை ஆறு மணிக்கு ஒரு சுற்றுலா பஸ்ஸில் ஏறினோம். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அக்காவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. என் மனைவிக்கு வலி ஒன்றும் இல்லை. பதினைந்து மணி நேரம் என் பேச்சைக் கேட்க மனம் இல்லை, அவ்வளவுதான்.

“மனுசனுக்குச் சீனி வருத்தம் இருக்கு. நேரத்துக்குச் சாப்பிட வை, குளிசையைப் போட வை. போன ஆளை அப்பிடியே கொண்டு வந்து தா” என்று அக்கா, அத்தானின் நீரிழிவு மாத்திரைகளைக் கையில் தந்து, வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினாள்.

அத்தான் பேசாத மனிதர். முப்பது வருடமாக என் கேள்விகளுக்கெல்லாம் அவர் தந்த பதில்களைத் தொகுத்தால் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம், முகவரிக்கும் இடம் மிஞ்சும். பெரும்பாலும் ஒரு “ம்”. நான் அதற்கு நேர் எதிர். அதனால் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

அந்த பஸ்ஸில் இருக்கைகளுக்கு எண் கிடையாது. முன் வரிசை ஜன்னலில் அத்தானை உட்கார வைத்து, அவருக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் நான் உட்கார்ந்திருந்தேன்; எங்கள் பக்கத்து இருக்கைகள் இரண்டும் காலி. முதல் தரிப்பில் இறங்கும்போது, ஊர் வழக்கப்படி இரண்டு இருக்கைகளிலும் கைக்குட்டை போட்டுவிட்டுப் போனேன். யாழ்ப்பாணத்து மினிபஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்துவிட்டால் போதும், அது கிரயம் முடித்த காணிதான். ஒருவரும் தொட மாட்டார்கள். இங்கே திரும்பி வந்தபோது எங்கள் இரண்டு ஜன்னல்களிலும் ஒரு இளம் சோடி முன்னும் பின்னுமாக உட்கார்ந்திருந்தது. கைக்குட்டைகள் இரண்டும், யாரோ தவறவிட்ட பொருள் என்று சாரதியிடம் பத்திரமாக ஒப்படைக்கப்பட்டிருந்தன.

சாரதி அம்மா தலையிட்டு இடத்தை மீட்டுத் தந்தார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கும்போது, அத்தானின் தோள்பையை நிமிர்த்தி வைத்து அதற்கு அவருடைய ஜாக்கெட்டைப் போட்டேன். மேலே விமானத்தில் கொண்டுவந்த கழுத்துத் தலையணை. அதன் மேல் அவருடைய கம்பளித் தொப்பி. எல்லாவற்றையும் ஜன்னலோடு சாய்த்து இருக்கைப் பட்டியையும் பூட்டிவிட்டேன். அசல் ஒரு மனிதர் தூங்குவது மாதிரியே இருந்தது.

அத்தான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வெருளி” என்றார்.

வயலில் குருவி விரட்ட வைக்கும் பொம்மையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். அன்று அவர் பேசிய முதல் சொல் அதுதான். நான் பெருமையோடு சிரித்தேன். திரும்பி வந்தபோது ஒருவரும் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை.

கடைசித் தரிப்புக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெளிச்சம் போவதற்குள் படம் எடுக்க வேண்டும் என்று நான் முதல் ஆளாக இறங்கி ஓடினேன். அத்தான் பின்னால் வருவார் என்று நினைத்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. அந்த விளிம்பில் வேலி கிடையாது. மலையைப் பார்த்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று தோன்றும். இது ஏதோ இல்லாமல் போன இடம். அடியில் ஏற்கெனவே இருட்டிவிட்டது. அந்த இருட்டு படி ஏறுவது போல் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. ஒரு காகம்கூடக் கத்தவில்லை. எனக்கே பேச்சு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பஸ் ஹோர்ன் அடித்தது. கடைசி ஆளாக மூச்சிரைக்க ஏறினேன். அத்தானின் தொப்பி வழக்கம்போல ஜன்னலில் சாய்ந்திருந்தது. எனக்கு முன்னாலேயே வந்து தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். சாரதி அம்மா தலைகளை எண்ணிக்கொண்டு வந்தார். அத்தானுக்குப் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தி, உங்கள் ஆளா, களைத்துப்போனாரா என்று என்னிடம் கேட்டார். ஆம் என்று தலையாட்டினேன். அவரும் எண்ணி முடித்துக் கதவைச் சாத்தினார்.

பஸ் நகரும்போதே பின்னாலிருந்து அத்தானிடம் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டேன்; இருட்டு கூடக்கூட, எனக்கு மனம் விட்டுப் பேச வேண்டும் போல் இருந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு நகராட்சிக் கவுன்சிலில் என் வேலை போயிருந்தது. மனைவிக்குச் சொல்லவில்லை. தினமும் காலையில் கழுத்துப்பட்டி கட்டி ரயிலேறிப் போய், நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு மாலையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். முன் இருக்கைக்கும் ஜன்னலுக்கும் இடையே இருந்த இடைவெளியில் வாயை வைத்து, அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெட்கம், பயம், நூலகத்தில் என்னை உற்றுப் பார்க்கும் கிழவர், ஒன்றையும் விடவில்லை. பதில் வரவில்லை. அதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை. பஸ் ஒரு வளைவில் திரும்பியபோது தொப்பி மெல்ல முன்னால் ஆடியது. அத்தான் தலையசைத்து ஆமோதித்தார் என்றே எடுத்துக்கொண்டேன். கண்கூடக் கலங்கியது.

அடுத்த வளைவில் அத்தானின் தலை கழன்று விழுந்தது.

நடைபாதையில் உருண்டு, இரண்டு வரிசை தள்ளி ஒரு பெண்ணின் காலடியில் போய் நின்றது. அவர் போட்ட சத்தத்தில் பஸ் முழுவதும் விழித்துக்கொண்டது. நான் எழுந்து எட்டிப் பார்த்தேன். கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லாத ஜாக்கெட், பட்டி பூட்டியபடி அடக்கமாக உட்கார்ந்திருந்தது. நான் இறங்கிப் போன பிறகு, அத்தான் தானாகவே வெருளியைக் கட்டி வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார்.

முக்கால் மணி நேரத் தூரம் வந்திருந்தோம். சாரதி அம்மா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. பஸ்ஸைத் திருப்ப அகலமான இடம் தேடினார். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. அத்தானின் போன், குளிசை, ஜாக்கெட் எல்லாமே என் முன்னால் இருந்தன. வேலியில்லாத விளிம்பு, குளிர், சீனி வருத்தம். அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

அந்த இடத்துக்கு வந்தபோது முழுதாக இருட்டிவிட்டது. நான் இறங்கி “அத்தான்!” என்று கத்தினேன். எதிரொலி வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அந்தப் பள்ளம் என் குரலை வாங்கி வைத்துக்கொண்டது. இன்னொரு முறை கத்தினேன். அதையும் வாங்கி வைத்துக்கொண்டது.

பஸ் விளக்கின் வெளிச்சம் கழிப்பறைக் கட்டடத்தின் மேல் விழுந்தபோது, அதன் சுவரோடு ஒட்டிக் கைகளைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு ஓர் உருவம் நிற்பது தெரிந்தது. நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. உதடு நடுங்கியது. ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வைதான் என்னை அதிகம் உலுக்கியது. என் கை உண்மையான கைதானா என்று சோதிப்பது போல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஜாக்கெட்டைப் போட்டு உள்ளே கொண்டு வந்தோம். அந்த இளம் சோடி தங்கள் பழச்சாற்றைத் தந்தது. தலையைக் கண்டு அலறிய பெண் தன் போர்வையைத் தந்தார். கொஞ்சம் சூடு வந்த பிறகு, ஏன் கத்தவில்லை, பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியிருக்கக் கூடாதா என்று அழாத குறையாகக் கேட்டேன். அத்தான் தன் வாழ்நாளின் மிக நீளமான பேச்சைப் பேசினார்.

“கக்கூசாலை வெளியிலை வாறன், பஸ் போகுது. முன் ஜன்னல்லை நான் இருக்கிறன். என்ரை தொப்பி, என்ரை உடுப்பு. வெருளி கட்டினது அந்த நேரம் ஞாபகத்திலை வரேல்லையடா. நீயும் பின்னாலை இருந்து என்னோடை கதைச்சுக்கொண்டு போறாய். அப்ப இஞ்ச நிக்கிறது ஆர் எண்டு யோசிச்சன். செத்துப்போனன் போலை எண்டு நினைச்சன். கூப்பிட்டாலும் உங்களுக்குக் கேக்காதுதானே. அதுதான் கூப்பிடேல்லை.”

பிறகு பழச்சாற்றை ஒரு மிடறு குடித்துவிட்டு, “என்னடா சொல்லிக்கொண்டு போனனி?” என்று கேட்டார்.

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். வெருளியிடம் சொன்னபோது சரளமாக வந்தது. இவரிடம் சொல்லி முடிக்க லாஸ் வேகஸ் வரைக்கும் நேரம் எடுத்தது. முடிவில், “உன்ரை மனுசிக்கு இண்டைக்கே சொல்லு. நானும் பக்கத்திலை இருக்கிறன்” என்றார். அன்றிரவே சொன்னேன். அவரும் இருந்தார்.

இப்போதும் யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்திப் பதிலுக்குக் காத்திருக்கிறேன்; அந்தச் சில நொடிகளில், என் எதிரே இருப்பவரை நான் எங்கோ இருட்டில் விட்டுவிட்டு வந்திருப்பேனோ என்ற பயம் ஒவ்வொரு முறையும் வருகிறது.