மணிவிழாப் பையில் பிணக்கதை

என் முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மஞ்சள் அட்டையில் குத்துவிளக்குப் படம் போட்டுவிட்டால், உள்ளே இருப்பதை யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள் என்று நம்பினேன். அதுவும் ஊருக்கே படிக்கக் கொடுப்பதற்காக நானே அச்சடித்த புத்தகம். இந்த அளவுக்கு அறிவு வளர எனக்கு அறுபது வயதாகியிருக்கிறது.

என் மணிவிழாவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு ஒரு சின்னப் புத்தகமும் கொடுப்பதாகப் பேச்சு. எங்கள் பக்கம் அது பக்திப் பாட்டுப் புத்தகமாகத்தான் இருக்கும். நான் அச்சடித்ததோ, சிறுபத்திரிகை நண்பர்களிடம் அனுமதி வாங்கித் தொகுத்த விஞ்ஞானக் கதைகளும் மாயக் கதைகளும். எல்லாம் நாலைந்து பக்கம்தான். எதிலும் யாரும் உருப்படுவதில்லை.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பைகளை நிரப்பிக்கொண்டிருந்தோம். கறம்பக்குடியிலிருந்து வந்திருந்த மச்சான் ஒரு புத்தகத்தைப் பிரித்து, முதல் வரியைச் சத்தமாக வாசித்தார்: ‘பூமியின் கடைசிப் பிணத்தைத் தூக்க ஆள் இல்லை.’

தேங்காய் எடுத்துக்கொண்டிருந்த என் மனைவியின் கை நின்றது.

“இது பையில போச்சுன்னா நாளைக்கு நான் மணையில ஒக்கார மாட்டேன். ஒங்களுக்கு நீங்களே தாலி கட்டிக்கங்க.”

மச்சான் கீரமங்கலத்தில் பூ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். பூ காலையிலேயே வந்திருந்தது.

நான் விடவில்லை. பக்திப் பாட்டில் அசுரனின் குடலை உருவினால் மங்கலம், கதையில் ஓர் இயந்திரம் தனியாகச் செத்தால் அமங்கலமா என்று கேட்டேன். நாவல் நம் கையைப் பிடித்து இருட்டுக்குப் பழக்கும். இந்தக் குட்டிக் கதை ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போய்விடும், நாம்தான் சுவரைத் தடவ வேண்டும். தடவும்போதுதான் இத்தனை நாள் எங்கே குடியிருந்தோம் என்றே தெரிகிறது. எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்களைவிட, ஆகாது என்று நாலு பக்கத்தில் சொன்னவர்கள்தான் எனக்குத் துணையாக இருந்திருக்கிறார்கள். மணையில் தனியாக உட்கார நேர்ந்தாலும் இதைத்தான் சொல்வேன் என்றேன். தேங்காய் மூட்டைக்கு அந்தப் பக்கம், அவள் கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டுதான்.

ஒரே ஒரு கதை படிப்பதாகவும், பிறகு முடிவு சொல்வதாகவும் இறங்கி வந்தாள். இருப்பதிலேயே சின்னக் கதையை எடுத்துக் கொடுத்தேன். செவ்வாயில் குடியேறிய ஒருவன், செத்துப்போன மனைவியின் குரலை ஓர் இயந்திரத்தில் வைத்திருக்கிறான். அவள் திட்டுவதை மட்டும் தினமும் கொஞ்சம் அழித்துக்கொண்டே வருகிறான். கடைசியில் இயந்திரம் ஓடுகிறது, குரல் இல்லை.

நின்றபடி படிக்க ஆரம்பித்தவள், பாதியில் மூட்டைமேல் உட்கார்ந்தாள். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அந்தப் புத்தகத்தைப் பையில் போட்டு, மேலே வெற்றிலையை வைத்து, அடுத்த பையை எடுத்தாள்.

கதை எப்படி என்று கேட்டேன்.

“அந்த ஆளுக்கு நல்லா வேணும்.”