நாக்பூரும் ட்ரிவாண்ட்ரமும்

விஜயத்துக்கு வீட்டில் ஒரு பேர், வேலையில் ஒரு பேர். கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் அவள் விஜயம். டெலிபோன் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போர்டின் முன் உட்கார்ந்துவிட்டால் 'ட்ரிவாண்ட்ரம்'. அங்கே எல்லாருக்கும் அப்படித்தான். வெளியூர்க் கால் போட்டுத் தரும் ஆபரேட்டர்கள் ஒருவரையொருவர் ஊர்ப் பேரால்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சொந்தப் பேரைச் சொல்லக் கூடாது, சொந்தக் கதை பேசக் கூடாது. சூப்பர்வைசர் எந்த நேரமும் லைனில் புகுந்து ஒட்டுக்கேட்பார். "மெட்ராஸ், பம்பாய் கொடு", "எர்ணாகுளம், ஏன் இத்தனை நேரம்?" என்று இருபது வருஷமாக ஊர்களை அதட்டிச் சம்பளம் வாங்கியவள் அவள். குரலும் அதற்கென்றே வாய்த்த குரல். அடுக்களையில் ரகசியம் சொன்னால் தெருக்கோடியில் பதில் வரும்.

இத்தனை ஊரை அதட்டியவள் ஓர் ஊரையும் பார்த்ததில்லை. தெற்கே நாகர்கோவில், வடக்கே குருவாயூர், அதோடு அவளுடைய பூகோளம் முடிந்தது. கல்யாணம் கூடிவராமலே போயிற்று. அண்ணா வெங்கடகிருஷ்ணன் வீட்டில் இருந்தாள், அவர் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள், டியூட்டிக்குப் போனாள், வந்தாள்.

ஊர்களில் நாக்பூர் மட்டும் அவளுக்குத் தனி. மெட்ராஸைத் தாண்டி வடக்கே போகும் கால்கள் அங்கே கைமாறும். அங்கே ஒரு பெண்குரல் இருந்தது. மத்தியானம் லைன் ஓய்ந்து கிடக்கும் நேரமாக, சூப்பர்வைசர் டீ குடிக்கப் போன சமயமாகப் பார்த்து, இரண்டு பேரும் அரைகுறை இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள். அங்கே வெயில், இங்கே மழை. கோயில் ஆறாட்டு நாளில் ஏரோப்ளேனையெல்லாம் நிறுத்திவிட்டு எங்கள் சாமி ரன்வேயைத் தாண்டிக் கடலில் நீராடப் போவார் என்று இவள் சொன்னால், அவள் நம்பாமல் சிரிப்பாள். பதிலுக்குத் தன் ஊர் ஆரஞ்சைப் பற்றிச் சொல்லுவாள். உங்கள் ஊருக்கு வந்து சேருவது பழமே இல்லை, இங்கே வந்து ஒன்று தின்றுபார், அப்புறம் பேசு என்பாள். பழங்களில் விஜயத்துக்கு உயிர் ஆரஞ்சுதான். இத்தனை பேசியும் பேர் மட்டும் இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை. வழக்கமில்லை, கேட்கவில்லை.

ஒரு மே மாதம் அந்தக் காரியம் நடந்தது. ஆரியசாலைக் கடைத்தெரு மொத்த வியாபாரி ஒருவர் டெல்லிக்கு அர்ஜெண்ட் கால் போட்டுவிட்டு விஜயத்தின் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். நாக்பூர் லைனில் வந்தாள். "ஒரு நிமிஷம், ட்ரிவாண்ட்ரம்" என்றாள். குரல் குழறியது. அப்புறம் என்னமோ விழுந்த சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. விஜயத்துக்கு வந்ததே கோபம்! தூங்குகிறாயா, வேலை பார்க்க வந்தாயா தூங்க வந்தாயா என்று தொண்டை கிழியக் கத்தினாள். திரும்பத் திரும்பக் கத்தினாள். கடைசியில் யாரோ ஓர் ஆண்குரல் வந்து, அவசரமாக டெல்லியைச் சேர்த்துவிட்டுப் போய்விட்டது.

அதற்குப்பின் அந்தப் பெண்குரல் வரவேயில்லை. மனசைத் திடப்படுத்திக்கொண்டு ஒருநாள் லைனில் கேட்டாள். அந்த அம்மாள் இப்போது போர்டில் உட்காருவதில்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. மேற்கொண்டு கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. செத்துப்போயிருந்தால்? கடைசியாக அவள் காதில் விழுந்தது என்னுடைய வசவுதானே? பாவி, பாவி என்று தன்னையே வைதுகொண்டாள். இரண்டு வருஷத்துக்கு மேல் இதே நினைப்பு. போர்டில் உட்கார்ந்தால் அதட்டுகிற குரல் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. கூட இருந்தவர்கள், விஜயம் ஒருவழியாகச் சாந்தமாகிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

எழுபத்தெட்டில் ஒருநாள், சேர்ந்து கிடந்த லீவையெல்லாம் வாரி எடுத்து, சம்பளமில்லாத லீவும் கூட்டி, ஐந்து மாசத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். ரயிலில் இந்தியா முழுக்கச் சுற்றப் போவதாகச் சொன்னாள். சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அண்ணா இரண்டு நாள் பேசவில்லை. நாற்பத்தைந்து வயசுப் பெண்பிள்ளை தனியாக ஊர் சுற்றுவதாவது! ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? விஜயம் யோசித்து, முதலில் காசி என்றாள். அந்தத் தெருவில் காசிக்கு மேல் அப்பீல் கிடையாது. துணைக்கு எதிர்வீட்டு லலிதாம்பாள் தயாராக இருந்தாள். புருஷன் போனதிலிருந்தே, கங்கையில் முழுக யாராவது கூட்டிக்கொண்டு போகமாட்டார்களா என்று வழிபார்த்துக் கிடந்தவள். மடி ஆசாரத்தில் மாமி கெட்டி. அடுத்தவர் கைபட்ட பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாது. இரும்பு அடுப்பு, அரிசி, புளிக்காய்ச்சல், பித்தளைச் செம்பு என்று ஒரு குடித்தனத்தையே மூட்டை கட்டிவிட்டாள்.

தம்பானூர் ஸ்டேஷனுக்கு அகலப்பாதை வந்து அப்போது இரண்டு வருஷந்தான் ஆகியிருந்தது. அண்ணா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாமானெல்லாம் ஏற்றி, ஜன்னல் ஓரமாக இடமும் பிடித்துக் கொடுத்தார். மெட்ராஸில் வடக்கே போகும் வண்டி மாறினார்கள். மறுநாள் நாக்பூர் வந்தது. பிளாட்பாரம் முழுக்கக் கூடை கூடையாக ஆரஞ்சு. விஜயம் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கடைசிவரை இறங்கவில்லை. இறங்கி விசாரிக்காதவரையில் அவள் உயிரோடுதானே இருக்கிறாள்? வண்டி நகர்ந்ததும் முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். தலைவலியாக்கும் என்று நினைத்து மாமி சுக்குப் பற்று குழைத்தாள்.

காசிக்குப் போனால் ஒரு காயையும் ஒரு பழத்தையும் கங்கையில் விட்டுவிட்டு வரவேண்டும். விட்டதை ஆயுசுக்கும் தொடக் கூடாது. பிடித்ததை விட வேண்டும் என்பது சாஸ்திரம், பிடிக்காததை விடுவது உலக வழக்கம். லலிதாம்பாள் பாகற்காயையும் விளாம்பழத்தையும் சந்தோஷமாக விட்டாள். இரண்டையும் அவள் சின்ன வயசிலிருந்தே தொட்டதில்லை. விஜயம் முழுகி, நாக்பூர்க்காரி மட்டும் உயிரோடு இருக்கட்டும் தாயே என்று வேண்டிக்கொண்டு, ஆரஞ்சை விட்டாள்.

உயிரான பழத்தை ஏன் விட்டாள் என்று மாமி துளைத்தெடுக்க, படித்துறையில் ஈரப்புடவையோடு நின்றபடியே விஜயம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மாமி தன் புடவையைப் பிழிந்து முடித்தாள்.

"திரும்பி வரச்சே நாக்பூர்ல இறங்கறோம்" என்றாள் பிறகு. "இருந்தா இருக்கான்னு தெரியட்டும். இல்லேன்னா ஒரு முழுக்குப் போட்டுட்டு அழுதுக்கோ. ரெண்டுங்கெட்டானா எத்தனை நாள்டி இருப்பே?"

அதன்பிறகு மூன்று மாசத்துக்கு மேல் சுற்றினார்கள். கயா, கல்கத்தா, ஹரித்துவார், டெல்லி. அடுப்பு பற்றவைத்த இடமெல்லாம் அவர்களுக்கு ஊர்தான். ஹௌராவில் இறங்கி அந்த ஜனசமுத்திரத்தைப் பார்த்ததும், இந்தக் கூட்டத்துக்கு நடுவில் கல்கத்தா எனக்கு லைன் கொடுத்ததே பெரிசு, அவளைப் போய் எத்தனை திட்டினேன் என்று விஜயத்துக்கு வெட்கமாகிவிட்டது. சிரித்தாள்கூட. வண்டி தெற்கே திரும்பியதும் சிரிப்பு நின்றது.

நாக்பூர் எக்ஸ்சேஞ்ச் வாசலில் கேட்கும்போது அவளுக்குச் சொல்ல ஒரு பேர்கூட இல்லை. மெட்ராஸ் லைன் பார்த்த பெண்பிள்ளை, மூன்று வருஷத்துக்கு முன்னால் மே மாதத்தில் வேலை நேரத்தில் ஏதோ ஆகிவிட்டது என்றாள். யாரை விசாரிக்கிறீர்கள் என்று கேட்டான் காவலாளி. நாக்பூரை என்று சொல்லி விழித்தாள். அந்த வழியாக வந்த ஒரு குமாஸ்தா நின்று கேட்டுவிட்டு, கூட வாருங்கள் என்று உள்ளே அழைத்துக்கொண்டு போனார்.

கம்ப்ளெயிண்ட் பிரிவில் ஜன்னல் பக்கம் திரும்பி ஒருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். நரைத்த கொண்டை. இடது கை மடியில் அசையாமல் கிடந்தது. இவள்தானா, வேறு யாராவதா? முகம் தெரிந்தால்தானே அடையாளம் காண? விஜயம் கதவைப் பிடித்துக்கொண்டு, லைனில் சொல்லுவதுபோலவே சொன்னாள்.

"ட்ரிவாண்ட்ரம்."

எழுதிய கை நின்றது. அவள் உடனே திரும்பவில்லை. பேனாவை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஒரு நிமிஷம், ட்ரிவாண்ட்ரம்" என்றாள்.

அதே குரல். கொஞ்சம் குழறினாலும் அதே குரல். விஜயம் அந்தக் கதவடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். அழுகைக்கு நடுவே, நான் கத்தினேனே, உன்னை அப்படிக் கத்தினேனே என்று அரற்றினாள். நாக்பூர்க்காரி எழுந்து வந்து, நல்ல கையால் அவள் தோளைப் பிடித்து உலுக்கிச் சிரித்தாள். அன்றைக்கு ரத்தக்கொதிப்பு ஏறி, நாற்காலியிலிருந்து சரிந்து போர்டுக்கு அடியில் கிடந்தாளாம். ஒருத்தரும் பார்க்கவில்லையாம். தரையில் கிடந்த ஹெட்செட்டுக்குள்ளிருந்து யாரோ கத்துகிற சத்தம் கேட்டுத்தான் பக்கத்துப் போர்டுக்காரன் எட்டிப் பார்த்திருக்கிறான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் தேறியிருக்கமாட்டாள் என்றாராம் டாக்டர்.

"மெதுவாகப் பேசுகிற ஊராக இருந்திருந்தால் நான் போயிருப்பேன்" என்றாள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இங்கே ஒருத்தி வாயால் இன்னொருத்தி பிழைத்திருக்கிறாள். மூன்று வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போனதும், விஜயத்துக்கு முதலில் பசித்தது. அப்படிப் பசித்தது.

நாக்பூர்க்காரி ஆள் அனுப்பி ஆரஞ்சு வாங்கிவரச் சொன்னாள். முடியாத கைக்கும் மடிக்கும் நடுவில் பழத்தை இடுக்கிக்கொண்டு, நல்ல கையால் தோலை உரித்து, நீட்டினாள். வாசனை அறை முழுக்கப் பரவியது. விஜயம் வாங்கிக்கொண்டாள். சுளையைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள். காசியில் விட்டது விட்டதுதான்.

"நீங்கோ சாப்பிடுங்கோ மாமி. எப்படி இருக்குன்னு மாத்திரம் சொல்லுங்கோ."

ஐந்து மாசமாக அடுத்தவர் கைத்தண்ணீர் தொடாத லலிதாம்பாள், அந்தப் பழத்தை வாங்கி, சுளை சுளையாக, ஒன்று விடாமல் தின்றாள்.

"தேன்டீ" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேரைக் கேட்டாளா என்றால், கேட்டாள். குமுதினி என்று பேர். ஆனால் வண்டியேறும்வரை நாக்பூர் என்றேதான் கூப்பிட்டாள்.

மார்ச்சில் டியூட்டிக்குத் திரும்பிய முதல் நாள், எர்ணாகுளம் லைன் எடுக்கவில்லை. விஜயம் ஹெட்செட்டை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, "எர்ணாகுளம், தூங்குகிறாயா?" என்று ஒரு சத்தம் போட்டாள். ஹாலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் வாயைத் திறப்பதற்குள் எர்ணாகுளம் எடுத்துவிட்டது.

"உடம்புக்கு ஒன்றுமில்லையே?" என்று விஜயம் அதே சத்தத்தில் கேட்டாள்.