டி.சி. கொடுப்பதற்கு முன் ஒரு கதை

நான் தலைமை ஆசிரியையாக வந்து சேர்ந்த ஜூன் மாதத்திலேயே நான்கு பேர் டி.சி. வாங்கிக்கொண்டு போனார்கள். விருத்தாசலத்தில் தெருவுக்குத் தெரு தனியார் பள்ளி வேன்கள் ஓடத் தொடங்கியிருந்த நேரம். வேனில் ஏறினாலே பிள்ளைக்கு இங்கிலீஷ் வந்துவிடும் என்று ஊர் நம்பியது. எங்களுடையதோ அரசுப் பள்ளி, பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போகும், பிறகு பள்ளியையே பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். காலையில் சேத்தியாத்தோப்பில் பஸ் ஏறும்போதே கவலை தொடங்கிவிடும். இன்றைக்கு யார் டி.சி. கேட்டு வாசலில் நிற்கப்போகிறார்களோ என்று.

பெற்றோர் கூட்டம் போட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் செராமிக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். நான் பேசப் பேச அவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களைப் பேசவிட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. திங்கள்தோறும் காலைப் பிரேயரில் ஒரு அப்பாவோ அம்மாவோ ஐந்து நிமிடம் தன் கதை ஒன்றைச் சொல்லவேண்டும். என் ஆசிரியர்கள் முகத்துக்கு நேராகச் சிரிக்கவில்லை, அவ்வளவுதான். முதல் திங்கள் யாரும் வரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு அசடு வழிய நின்றேன். இரண்டாவது வாரம் துபாயிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு அப்பா, அங்கே முதன்முதலாகச் சோறு வடிக்கப் போய் அறை முழுக்கக் கஞ்சியாக்கியதைச் சொன்னார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மறுவாரம் மதிலோரம் ஏழெட்டுப் பெற்றோர் நின்று கேட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அம்மா, டி.சி. கேட்டு எழுதிய கடிதத்தோடு வந்தார். அவருக்குப் பீங்கான் ஃபியூஸ் செய்யும் கம்பெனியில் வேலை. ஏன் என்று கேட்டேன், சும்மாதான் என்றார். காரணம் சொன்னால் சமாதானம் சொல்லலாம், சும்மா என்பவரை என்ன செய்வது? கடிதத்தை வாங்கி டிராயரில் போட்டுக்கொண்டு, திங்களன்று ஒரு கதை சொல்லுங்கள், பிறகு எழுதித் தருகிறேன் என்றேன். அற்பத் தந்திரம்தான். அதற்குள் மனம் மாறாதா என்ற நப்பாசை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சரி என்று போனார்.

திங்களன்று மைக்கை வாங்கியவர், தானும் இதே பள்ளியில் ஐந்தாவது படித்ததாக ஆரம்பித்தார். தினமும் காலையில் தன் அம்மாவோடு உட்கார்ந்து, இன்னும் சூளையில் வைக்காத பீங்கான் மண் பொம்மைகளை ஈரப் பஞ்சால் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாராம். ஒருநாள் டீச்சர் கையை நீட்டச் சொல்லியிருக்கிறார். கை வெள்ளையாக இருந்திருக்கிறது. கழுவிவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறார். கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தால், காய்ந்ததும் மறுபடி வெள்ளை. பீங்கான் மண் அப்படித்தான். ஈரத்தில் தெரியாது, காயக் காய ரேகைக்குள்ளிருந்து வெளுத்துக்கொண்டு வரும்.

"கழுவாமலே கழுவுனேன்னு பொய் சொல்றியான்னு கேட்டாங்க. மூணு தடவ கழுவுனேன். சாயந்தரம் வரைக்கும் வெளியில நிக்க வெச்சாங்க. மறுநாள்லருந்து நான் ஸ்கூலுக்கு வரல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயிற்சி முடித்து நான் முதன்முதலாக வேலைக்கு வந்தது இந்தப் பள்ளிக்குத்தான். வயல்காட்டில் வளர்ந்தவள் நான். எனக்குத் தெரிந்த சேறு ஒரு செம்புத் தண்ணீரில் போய்விடும். ஒரு பிள்ளையை அப்படி நிறுத்தியது நினைவிருந்தது, முகம் நினைவில்லை. ஏன் வரவில்லை என்று தேடிப் போகவும் இல்லை. அடுத்த வருடமே மாற்றல் வாங்கிக்கொண்டு போனவள், தலைமை ஆசிரியையாகத்தான் திரும்பி வந்தேன்.

அவர் டீச்சர் யாரென்று சொல்லாமல் மைக்கை என்னிடம் நீட்டினார். நன்றி சொல்லி அனுப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னாலோ, மதிலோரம் நிற்பவர்கள் மூலம் மத்தியானத்துக்குள் ஊருக்கெல்லாம் பரவிவிடும், இருக்கிற பிள்ளைகளும் போய்விடுவார்கள். மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"அந்த டீச்சர் நான்தான்" என்றேன்.

"தெரியுங்க டீச்சர்," என்றார் அவர், எனக்கு மட்டும் கேட்கும்படி. "எம்பொண்ணு வரிசையில நிக்குது. நான் பொய் சொல்லலன்னு அதுகிட்ட சொல்லுங்க."

நான்காம் வகுப்பு வரிசையைப் பார்த்து மைக்கில் சொன்னேன். உங்கம்மா மூன்று தடவையும் கழுவிவிட்டுத்தான் வந்தார், தெரியாமல் பேசியவள் நான் என்று. குரல் உடைந்துவிட்டது. பிள்ளைகள் முன்னால் அழுவதில்லை என்ற என் வைராக்கியமெல்லாம் போயிற்று. அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கம்பெனிக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்.

என் அறைக்கு வரவில்லை. டி.சி.யும் கேட்கவில்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. தினமும் பிரேயரில் முதலில் நான்காம் வகுப்பு வரிசையைத்தான் பார்ப்பேன். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் வராதபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரைத் தெருவில் பார்த்தால்கூட, பேச்சுக் கொடுக்கப் போய் டி.சி.யை ஞாபகப்படுத்திவிடுவோமோ என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன். அடுத்த ஜூனில் அவர் மகள் ஐந்தாம் வகுப்பில் போய் உட்கார்ந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்துதான் டிராயரில் கிடந்த அந்தக் கடிதத்தைக் கிழித்தேன்.