மஹ்மூத் நானாவின் கதிரை

அலவத்துகொடையில் போன் கடை வைத்திருக்கும் மஹ்மூதை பஸாரில் எல்லாரும் அண்ணன் முறை வைத்து மஹ்மூத் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது நாற்பதைத் தாண்டி அதிக நாளாகவில்லை. உடைந்த போனைத் திருத்துவதில் கெட்டிக்காரர். புத்தி சொல்வதில் அதைவிடக் கெட்டிக்காரர். பிள்ளைக்குப் பெரிய திரை டெப் வாங்க வரும் தாய்மாரிடம், "இத நாள் பூரா கையில குடுத்துறாதீங்க, புள்ள ஓடி வெளயாடணும்" என்று சொல்லிவிட்டுத்தான் பில் போடுவார். ஊருக்குத்தான் உபதேசம். கடையில் காலை முதல் உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். வீட்டுக்கு வந்து மெத்தை செட்டியில் சாய்ந்து போனைத் தடவத் தொடங்கினால் சோறு ஆறிப்போகும், கை ஓயாது. மனைவி ரபீகா குசினியிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிப்போவாள்.

பக்கத்தில் மகன் ஹம்தி இருப்பான். ஒன்பது வயது, ஒரே பிள்ளை. வாப்பா கையில் போன், மகன் கையில் டெப். கால்களைக்கூட இருவரும் ஒரே மாதிரி மேசைமேல் நீட்டியிருப்பார்கள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்கிறார்களே, வாப்பாமாரை அந்தப் பழமொழி எப்படித் தப்ப விட்டதோ தெரியவில்லை. முன்பெல்லாம் ஹம்தி கிரிக்கெட் பெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "வாப்பா, ஒரு ஓவர் போடுங்களே" என்று நிற்பான். "நாளைக்கு மகன்" என்பார் தலையைத் தூக்காமலே. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒரு நாள் பிள்ளை கேட்பதை விட்டுவிட்டான். மஹ்மூத் அதைக் கவனிக்கவில்லை. மகன் ரோட்டில் அலையாமல் அடக்கமாக வளர்கிறான் என்று கடைக்கு வருபவர்களிடம் பெருமை வேறு பேசினார்.

போன வருடம் அவருக்கு முழங்கால் வலி வந்தது. கண்டிக்குப் போய் டொக்டரிடம் காட்டினார். ஹம்தியும் கூடப் போயிருந்தான். படம் எடுத்துப் பார்த்த டொக்டர், "எலும்புல ஒரு கொறையும் இல்ல. உடம்பு கூடிப்போச்சு, கால் வேலையில்லாம கெடக்குது. தெனமும் நடங்க, செரியாயிரும்" என்றார். கண்டியில் சொன்ன பேச்சு அலவத்துகொடைக்கு வந்து சேருமுன் நிறம் மாறிவிட்டது. பள்ளிவாசலில் கேட்டவர்களிடம் மஹ்மூத், "முழங்கால் தேஞ்சி போயிட்டு" என்றார். அந்த வெள்ளிக்கிழமையே பின்வரிசையில் வயோதிபர்கள் உட்கார்ந்து தொழும் கதிரைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கும் பள்ளிக்கும் கூப்பிடு தூரம், அதற்கும் ஸ்கூட்டர்தான். வலி குறைந்த பிறகும் கதிரையை விடவில்லை. சுகம் கண்ட உடம்பு எழும்ப விடுமா?

ஒரு நாள் மஃரிப் தொழுகை. மஹ்மூத் உட்கார்ந்து கை கட்டப்போகும் நேரத்தில் பிளாஸ்டிக் கதிரை ஒன்று கரகரவென்று உராய்ந்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றது. ஹம்தி அதில் ஏறி உட்கார்ந்தான். தொழுகை தொடங்கிவிட்டதால் வாய் திறக்க வழியில்லை. அவர் குனிந்தபோது மகனும் குனிந்தான். அவர் தொடையில் கை வைத்தபோது அவனும் வைத்தான்.

தொழுது முடிந்ததும் பக்கத்துக் கதிரையில் இருந்த ஜமால்தீன் ஹாஜியார் பதறிவிட்டார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால் கதிரைக்கு வந்த மனிதர் அவர்.

"என்த மகன், கால்ல அடிபட்டா?"

"இல்ல ஹாஜியார். வாப்பாக்குப் போலதான்."

"வாப்பாட முழங்கால் தேஞ்சீக்கே மகன். ஒங்களுக்கு என்த வந்த?"

"தேயல்லயே! டொக்டர் ஒண்டும் இல்லண்டுதான் சென்ன. நடக்கச் சென்ன. வாப்பாக்கு நடக்க ஏலாதாம். எனக்கும் ஏலா."

முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை. தலை குனிந்துகொண்டார். அது சிரிப்பைவிட மோசம்.

மஹ்மூதுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. அல்லாஹ்வின் வீட்டில் பொய் சொல்லிப் பிடிபட்ட வெட்கம் ஒரு பக்கம். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். பிள்ளை குறும்பு செய்யவில்லை, வாப்பாவைக் காட்டிக்கொடுக்கவும் நினைக்கவில்லை. ஓடவேண்டிய காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பெரிய மனிதராவது என்றால் இதுதான் என்று நம்பி அவன் உட்கார்ந்திருந்தான். அந்த நம்பிக்கைதான் தகப்பனைச் சுட்டது.

வீட்டுக்கு வந்து ரபீகாவிடம் நடந்ததைச் சொன்னார். ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "அவன் ஒங்கட மகன்தானே" என்றாள்.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்கு போனை வீட்டில் வைத்துவிட்டு, "வாங்க மகன், நடந்து போவோம்" என்றார். ஹம்தி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினான். ஏற்றத்தில் பாதி தூரம் போகுமுன்னே மஹ்மூதுக்கு இளைத்தது. அது தெரிந்த கதைதான். பக்கத்தில் பிள்ளைக்கும் அதே போல இளைத்தது. வழி நெடுக அந்தச் சின்ன மூச்சைக் கேட்டுக்கொண்டே நடந்தார்.

பள்ளியில் கதிரைப் பக்கம் திரும்பாமல் வரிசையில் நின்று மகனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். தொழுகையின் முதல் ரகஅத்தில் எழும்பும்போது முழங்கால் இரண்டும் கெஞ்சின. பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பினார். இரண்டாவது ரகஅத்தில் நெற்றியைத் தரையில் வைத்திருக்கையில், பக்கத்தில் சின்னப் பாதங்கள் எழும்பிப் பின்னால் போகும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கதிரை உராயும் சத்தம். திரும்பிப் பார்க்க முடியாது, கூப்பிடவும் முடியாது. வாயால் ஒரு வார்த்தை சொல்லாமல் பழக்கிவிட்டதை இனி எந்த வாயால் மாற்றுவது? ஸுஜூதிலிருந்து தலை தூக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஹம்தி கிழவர்களுக்கு நடுவே, கால் நிலத்தில் எட்டாமல் உட்கார்ந்திருந்தான். மஹ்மூத் ஏசவில்லை. ஏச அவருக்கு என்ன உரிமை இருந்தது? அருகே போய், "எறங்குங்க மகன், வீட்டுக்கும் நடந்தே போவோம்" என்றார்.

பிள்ளை மறுபேச்சில்லாமல் இறங்கி வந்தான். வாசற்படியில் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டான்:

"இண்டைக்கு மட்டும்தானே வாப்பா?"