காரைக்காலில் ஒரு மீன் வண்டியின் வெளிச்சம்

சனிக்கிழமை பிற்பகல் 1.40க்கு மயிலாடுதுறையில் பேருந்து ஏறினேன். காரைக்காலுக்கு முப்பது ரூபாய் டிக்கெட். சனிக்கிழமையன்று அந்தப் பக்கம் போகும் பேருந்தில் உட்கார இடம் எதிர்பார்ப்பது பேராசை. கூட்டத்தில் பாதி திருநள்ளாற்றுக்குப் போகிறது. பொறையாறு தாண்டி நண்டலாற்றுப் பாலத்தில் மாநிலம் மாறியது. பாலத்துக்கு அந்தண்டை முதல் கடையில் பாட்டிலில் என்ன விற்கிறார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சனி பகவானைப் பார்க்கக் கிளம்பியவர்களில் மூன்று பேர் அங்கேயே இறங்கிவிட்டார்கள்.

என்னை வரச்சொன்னவள் சித்ரா. என் அலுவலக ஜீப்பை ஓட்டியவரின் மகள். தலத்தெருவில் வீடு, துறைமுகத்தில் மீன் வியாபாரம். ஆறு மாதம் முன்பு புதிதாக ஒரு பிக்கப் வாங்கியிருந்தாள். தினமும் விடியற்காலையில் அது கும்பகோணத்துக்கு மீன் ஏற்றிப் போகும். போன வாரம் சுரக்குடி அருகே, சைக்கிளில் பால் கொண்டு போனவரை வண்டி உரசிவிட்டது. ஆளுக்கு அடியில்லை, பால் மட்டும் ரோட்டில். "லைட்டு சரியில்லையா, டிரைவருக்குக் கண்ணு சரியில்லையான்னு நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க மாமா" என்று போனில் கேட்டாள். முப்பத்தொரு வருடம் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தவனை ஓய்வுக்குப் பிறகும் ஒருவர் ஆய்வுக்குக் கூப்பிடுகிறார் என்றால், அது பென்ஷனில் சேராத படி.

பிற்பகல் 3.15. பேருந்து நிலையத்துக்கு வெளியே பிக்கப் நின்றிருந்தது. கொளுத்தும் வெயிலில் இரண்டு ஹெட்லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. டிரைவர் கலியபெருமாள் இறங்கி வந்து என் பையை வாங்கிக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயது, இருபத்தைந்து வருடமாக ஸ்டியரிங் பிடித்தவர்.

"லைட்டு எரியுதே?"

"எப்பவும் எரியும் சார். ஆட்டோ. அதுவா எரியும், அதுவா அணையும்னு கம்பெனிக்காரன் சொன்னான். எரியறத மட்டும் கத்துக்கிட்டு வந்திருக்கு."

தலத்தெரு போய்ச் சேர்வதற்குள் எதிரே வந்த பதினொரு பேர் விரல்களை மடக்கி விரித்து, லைட் எரிகிறது என்று சைகை காட்டினார்கள். பதினொரு பேருக்கும் கலியபெருமாள் தலையாட்டினார். எண்ணியது என் தொழில் பழக்கம்.

4.00 மணி. சித்ரா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வண்டிக்குள் ஏறினேன். டாஷ்போர்டில், கண்ணாடியை ஒட்டி, கறுப்பாக ஒரு சின்னக் குமிழ் இருக்கும். வெளியே எவ்வளவு வெளிச்சம் என்று பார்ப்பது அதன் வேலை. அதைக் காணவில்லை. அந்த இடத்தில் அரை விரற்கடை உயரத்துக்குச் சந்தனம் காய்ந்திருந்தது, நடுவில் குங்குமம்.

"இது யாரு வச்சது?"

"நான்தான் மாமா. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வைப்பேன்" என்றாள் சித்ரா. "பொட்டு வைக்கிறதுக்குன்னே ஒரு மேடு விட்டிருக்கான்னு நெனச்சேன்."

"வண்டிக்கு அது கண்ணும்மா. ஆறு மாசமா அமாவாசைன்னு நெனச்சிக்கிட்டு ஓடுது."

ஈரத்துணியால் துடைத்தேன். சற்று நேரத்தில் விளக்குகள் அணைந்தன. கலியபெருமாள் கீழே இறங்கிப் போய், உண்மையிலேயே அணைந்துவிட்டதா என்று குனிந்து பார்த்தார். எனக்குத் திருப்தியாக இருந்தது. இதுபோன்ற திருப்திதான் ஆளைக் கெடுப்பது.

6.30. ஹெட்லைட்டின் கோணத்தைப் பார்க்கச் சமதளமும் சுவரும் வேண்டும். கோவில்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம் இரண்டும் கிடைத்தன. டயர்களில் காற்றைச் சரிபார்த்தேன். சுவரிலிருந்து ஏழரை மீட்டர் அளந்து வண்டியை நிறுத்தி, ஓட்டுநரை இருக்கையில் உட்காரவைத்தேன். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸ் கோடு போட்டேன். வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்கு நான்கு விரல் கீழே விழ வேண்டும். பிசகாமல் விழுந்தது. விளக்கை உயர்த்தித் தாழ்த்தும் சின்னச் சக்கரம் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் இருக்கும். பூஜ்யத்திலிருந்து மூன்று வரை எண். அதையும் பார்த்தேன். பூஜ்யத்தில் இருந்தது. காலி வண்டிக்கு அதுதான் முறை.

"விளக்கில் குறை இல்லை" என்று அறிவித்தேன்.

சித்ரா மெதுவாகத்தான் சொன்னாள்: "அப்ப கண்ணுதான்." பிறகு அவர் பக்கம் திரும்பி, "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நாகப்பட்டினத்துல ஒருத்தர சொல்லி வச்சிருக்கேன். திங்கக்கெழமலேந்து அவரு வரட்டும்" என்றாள்.

கலியபெருமாள் சாவியைக் கழற்றவில்லை. "நாளைக்கு லோடு இருக்கு தங்கச்சி. அத மட்டும் நான் ஓட்டிட்டுப் போறேன்" என்றவர் என்னிடம், "சார், நீங்க பாத்தது காலி வண்டி. வெறும் வண்டிய நான் எப்ப இருட்டுல ஓட்டுறேன்? போறது இருட்டுல லோடோட, வர்றது வெயில்ல காலியா. ஒரு தடவ லோடோட வந்து பாருங்க" என்றார்.

சுற்றறிக்கைகளை மனப்பாடமாகச் சொல்லும் நான், "விடியக்காலையில வர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு காலை 4.20. அரசலாற்றின் முகத்துவாரத்துத் துறைமுகம். சங்கரா மீனும் பாறை மீனுமாக நாற்பது பெட்டி, மேலே உடைத்த ஐஸ். ஒவ்வொரு பெட்டி ஏறும்போதும் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்தது. அது உட்கார உட்கார மூக்கு நிமிர்ந்தது. சித்ரா நடுவில், நான் ஓரத்தில். வண்டி வெளியே திரும்பியதும் விளக்கு சாலையோரத் தென்னைகளின் மட்டைகளில் போய் விழுந்தது. குரும்பை வரை துலக்கமாகத் தெரிந்தது. சாலைதான் தெரியவில்லை.

"எண்ணிக்குங்க சார்" என்றார் கலியபெருமாள். "எந்த மரத்துல எத்தன காயின்னு நான் தெனம் பாத்துட்டுப் போறேன்."

எதிரே வந்த லாரி தன் விளக்கை முழுதாக ஏற்றி எங்கள் முகத்தில் அடித்தது. எங்கள் வெளிச்சம் லாரிக்காரர் கண்ணில் குத்தியதற்கான பதிலடி. சில விநாடிகள் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்தச் சில விநாடிகளில்தான் சுரக்குடி பால்காரர் இருந்திருக்கிறார்.

"ஓரங்கட்டுங்க" என்றேன். "வலப்பக்கம் இருக்கிற அந்தச் சின்னச் சக்கரத்தை எப்பவாவது திருப்பியிருக்கீங்களா?"

கலியபெருமாள் சித்ராவை ஒருமுறை பார்த்தார். "அதுல என்னமோ நம்பரு போட்டிருக்கு. எனக்குக் கிட்டத்து எழுத்து மங்கலு சார், ரெண்டு வருஷமா. ஆட்டோன்னு சொன்னான்ல, எல்லாத்தையும் அதுவே பாத்துக்கும்னு விட்டுட்டேன். கேட்டா, கண்ணு போச்சும்பீங்க."

"நான் ஏன் சொல்லப்போறேன்?" என்றாள் சித்ரா.

"நேத்து சொன்னியேம்மா."

இறங்கி ஓட்டுநர் பக்கம் சுற்றிப் போய், சக்கரத்தை மூன்றுக்கு உருட்டினேன். வெளிச்சம் தென்னையிலிருந்து இறங்கி, தாருக்கு வந்து படிந்தது. இருட்டினால் எரிவது மட்டும்தான் இந்த வண்டியில் ஆட்டோ. எங்கே பார்த்து எரிய வேண்டும் என்பதை மனிதன்தான் சொல்ல வேண்டும். நம்பரைப் பார்க்காதீர்கள், லோடு ஏற்றினால் விரலால் கடைசிவரை உருட்டுங்கள், இறக்கினால் திரும்பக் கடைசிவரை என்று அவர் விரலைப் பிடித்துக் காட்டினேன். கிட்டத்து எழுத்துக்கு ஒரு கண்ணாடி போதும் என்றேன்.

"குறை இல்லைன்னு நீங்க நேத்தும்தான் சொன்னீங்க மாமா" என்றாள் சித்ரா. "ஓட்டட்டும், பாக்கறேன்."

5.05. திருநள்ளாற்றைத் தாண்டி அம்பகரத்தூர் சாலை. சித்ரா முன்னால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"சைக்கிள்" என்றார் கலியபெருமாள். பின்னால் விளக்கில்லாத சைக்கிள். சித்ராவும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தபோது அதைத் தாண்டிவிட்டிருந்தோம்.

"ஆடு." மூன்று ஆடுகள், ஓரத்தில். நான் எண்ணியதில் இரண்டு.

"அம்பகரத்தூர் நாலு." மைல்கல் எனக்கு வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்தது.

"நாலுதாண்ணே" என்றாள் சித்ரா. போனை எடுத்து நாகப்பட்டினத்துக்காரருக்குக் குரல் பதிவு அனுப்பினாள்: "அண்ணே, திங்கக்கெழமைக்கு வேணாம். எங்க ஆளே ஓட்டுறாரு." கலியபெருமாள் சாலையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

கும்பகோணத்தில் மீன் இறங்கியதும் விடைபெற்று, 9.30க்கு மயிலாடுதுறைப் பேருந்தில் ஏறினேன். இம்முறை ஜன்னலோரம். காரைக்காலில் நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று, சந்தனம். மற்றதைக் கலியபெருமாள் முதல் நாளே சொல்லிவிட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதிரே வரும் பேருந்துகளின் ஊர்ப் பலகைகளை ஜன்னல் வழியே படித்துப் பார்த்தேன். ஏழில் இரண்டு தேறியது. அடுத்த மாதம் என் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு 1ஏ படிவத்தில் மருத்துவரின் சான்று தேவை. ஆளின் கண்ணை ஏறிட்டும் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற மருத்துவர் எங்கள் ஊரில் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவரிடம் போவதாக இல்லை.