கோட்டுக்குப் பின்னால் ஏழு

அந்த ராக்கெட் மோட்டார்கள் மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவின் ஹேடோ துறைமுகத்துக்குக் கப்பலில்தான் வந்தன. கட்டைவிரல் பருமனில் காகிதக் குழாய், உள்ளே மருந்து. மேலே ‘சி6-7’ என்று அச்சிட்டிருந்தது. கோட்டுக்குப் பின்னால் மூன்று போட்டதும் கடையில் இருந்தது. ஏழு என்றால் ஏழு விநாடி எரியும், நன்றாக உயரப் போகும் என்று நானே முடிவு செய்து இதை வரவழைத்தேன். நான் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை; வகுப்பிலும் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். கூட வந்த விளக்கத்தாளைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அறிவியல் விழாவுக்கு முதல் நாள், அனுமதி வாங்கியிருந்த கடற்கரைத் திடலில் நானும் என் கணவரும் ஒரு தடவை ராக்கெட் விட்டுப் பார்த்தோம். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். ராக்கெட்டை அட்டையில் செய்ததும் அவர்தான். உறுதியாக இருக்கட்டுமென்று கனமாகவே செய்திருந்தார். மறுநாள் பிள்ளைகள் உட்காரப்போகும் இடத்தில் நின்று போனில் படம் எடுத்தார்.

பொத்தானை அழுத்தினேன். சீறிக்கொண்டு கிளம்பியது. இரண்டு விநாடிகூட ஆகவில்லை, நெருப்பு அணைந்துவிட்டது. மெல்லிய புகையோடு இன்னும் கொஞ்சம் ஏறி, உச்சியில் தயங்கி, மூக்கைக் கீழே திருப்பியது. பாராசூட் வெளியே வரவில்லை. நேராக அவரை நோக்கி இறங்கியது. “என்னங்க!” என்று கத்தினேன்.

அவர் போன் திரையில் ராக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் காலுக்கு ஒரு முழம் தள்ளி, அது மணலில் பாதி வரை குத்தி இறங்கியது. அதற்குப் பிறகுதான், பாராசூட்டைத் தள்ளவேண்டிய மருந்து ‘டப்’பென்று வெடித்துக் குழாயைக் கிழித்தது.

“அரே, யே க்யா ஹுவா, என்ன ஆச்சு இது?” என்றார். முகம் வெளுத்திருந்தது. “ஏழு செகண்ட் எரியும்னியே?”

மணலிலேயே உட்கார்ந்து தாளைப் பிரித்தேன். எரிவது எப்படியும் இரண்டு விநாடிக்குள்தான். நெருப்பு அணைந்தபின் பாராசூட் வெளியே வர எத்தனை விநாடி ஆகும் என்பதே அந்த ஏழு. கனமான ராக்கெட் சீக்கிரமே உச்சிக்குப் போய்த் திரும்பிவிடும். அதற்கு மூன்றுதான் சரி.

“நாளைக்கு இங்க அறுபது பிள்ளைங்க உட்கார்ந்திருக்கும்,” என்றேன்.

“சோடோ, அதை விட்டுடு, நாளைக்கு ராக்கெட்டே வேணாம். பிரின்சிபால்கிட்ட இப்பவே சொல்லிடு.”

சொன்னேன். விழா முடிந்த மறுநாள் வகுப்பிலும், நான் கற்றுக்கொடுத்தது தப்பு என்று சொல்லிக் கரும்பலகையில் திருத்தி எழுதினேன். அடுத்த கப்பலில் சரியான மோட்டார்கள் வந்தன. பிள்ளைகளை வெகுதூரம் தள்ளி நிறுத்திவிட்டு, புதிதாகச் செய்த ராக்கெட்டை விட்டோம். உச்சியில் பாராசூட் விரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அது தரையைத் தொடும்வரை நான் கணவரின் கையை விடவில்லை.