தண்ணீர் கலந்ததைச் சொன்ன பால்காரர்

யுத்த காலத்தில் மதுரையில் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றியவர் வைகையின் வடகரையிலிருந்து நடந்தே வருவார். நெடிய ஆள், இடது காது மடல் கிழிந்திருக்கும். பாலை ஊற்றிவிட்டு, நாம் பாத்திரத்துக்குள் பார்க்கும்வரை நகரமாட்டார்.

வைக்கோல் கிடைக்காத கோடை அது. ஒருநாள் காலையில் அவராகவே சொன்னார்: “பாய், இன்னைக்குப் பால்ல தண்ணி கலந்திருக்கேன்.”

எனக்குக் கோபம் வந்தது. “சொல்லிட்டுக் கலந்தா சரியாப் போச்சா?” என்றேன்.

“மாடுக பாதிதான் கறக்குது. பதினோரு வீடு இருக்கு. கைப்புள்ள இருக்க ரெண்டு வீட்டுக்கு மட்டும் தண்ணி படாம தனியா வச்சிருக்கேன். இன்னும் சில வீட்ட நிப்பாட்டிட்டா மத்தவுகளுக்கும் நல்ல பாலு ஊத்தலாம். எந்த வீட்ட நிப்பாட்டட்டும்? நீங்களே சொல்லுங்க.”

எதிர்வீட்டில் ஒருவர் காய்ச்சலில் பால்கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டு படுத்திருந்தார். அடுத்த வீட்டில் நிறைமாதக்காரி. நான் பாத்திரத்தை நீட்டினேன்.

மற்ற பால்காரர்கள் எல்லோரும் தங்கள் பால் சுத்தம் என்றே சத்தியம் செய்த நாட்கள் அவை. இவர் ஒருவர்தான் வாசல் வாசலாக உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கினார். அவர் செய்தது சரிதானா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. ஆனால் திட்டியவர்களில் யாரும் ஒரு வீட்டைக் கைகாட்டியதாக நான் கேள்விப்படவில்லை.